சின்ன அபார்ட்மெண்ட்ல சைக்கிள எங்க வைக்கிறது? புதுசா வந்த தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டத சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். மூணாவது மாடி, ஒரே ஒரு ரூம் உள்ள வாடகை வீடு, லிஃப்ட் இருக்கு ஆனா குட்டி. செகண்ட் ஹேண்ட்ல ஒரு நல்ல சைக்கிள் கெடச்சுது, மாடிப்படி ஓரமா வச்சீங்க, ரெண்டே நாள்ல எடுத்துருங்கன்னு பேப்பர் ஒட்டிட்டாங்க. வெளிய விட பயமா இருக்கு, அதனால வீட்டுக்குள்ள சுவத்துல மாட்டலாமா, ஸ்டாண்ட் வாங்கலாமா, இல்ல வித்துட்டு மடக்கு சைக்கிளுக்குப் போயிரலாமான்னு கேட்டிருக்கீங்க.

மொதல்ல அந்தப் பேப்பர். அதுக்கு கோவப்படாதீங்க, பக்கத்து வீட்டுக்காரர் எவரோ வேணும்னே போட்டுக் குடுத்துட்டார்னும் நெனைக்காதீங்க. மாடிப்படியும் காரிடாரும் தீப்பிடிச்சா எல்லாரும் எறங்கி ஓட வேண்டிய வழி, புகை சூழ்ந்துட்டா கண்ணு தெரியாது, சுவத்த தடவிக்கிட்டே வர்றவங்க கால்ல ஒரு பெடல் மாட்டினா போதும். அதனால பெரும்பாலான பில்டிங்ல இது கண்டிப்பான ரூல், வாடகை ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கும், ஒரு தடவை எடுத்துப் படிச்சுப் பாருங்க. அதுலயே சைக்கிள் வைக்க பேஸ்மெண்ட்ல ரூம் இருக்கா, பால்கனில என்னென்ன வைக்கலாம், சுவத்துல ஓட்டை போடலாமாங்கிற விஷயமும் சேந்து இருக்கும்.

இப்ப வீட்டுக்குள்ளன்னு முடிவு பண்ணிட்டா, புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யிறது ரூமுக்குள்ள நின்னு எந்த மூலை காலியா இருக்குன்னு தேடறதுதான். நான் சொல்றது நேர் எதிர். தெருக் கதவுலேர்ந்து ஆரம்பிங்க. தெருக் கதவு, லிஃப்ட், உங்க வீட்டு வாசக் கதவு, உள்ள நுழைஞ்ச உடனே இருக்கிற குறுகலான எடம், அங்கேர்ந்து ரூமுக்குத் திரும்புற முக்கு, இது ஒவ்வொண்ணுலயும் சைக்கிள் எப்படிப் போகும்னு பாத்துட்டு அப்பறமா மூலையத் தேடுங்க. ஏன்னா மூலை எவ்ளோ அழகா அமைஞ்சாலும் காலைல வேலைக்குக் கெளம்புற அவசரத்துல நாற்காலிய நகத்தி, துணி காயப்போடற ஸ்டாண்ட மடக்கி, கதவ ஒரு காலால பிடிச்சுக்கிட்டுத்தான் வெளிய எடுக்கணும்னா ஒரு வாரம் எடுப்பீங்க, அடுத்த வாரம் பஸ்ல போவீங்க, அதுக்கப்பறம் அது துணி மாட்டற கம்பி ஆயிரும். இத நான் எத்தனையோ வீட்ல பாத்தாச்சு.

அளவு சொல்றேன். பெரியவங்க ஓட்டற சாதாரண சைக்கிள் நீளம் 170லேர்ந்து 180 செ.மீ. வரும், ஹேண்டில்பார் உயரம் ஒரு மீட்டர் இல்ல கொஞ்சம் கூட. ஹேண்டில்பார் அகலம் தான் மாறும், ரேஸ் மாதிரி வளைஞ்ச பார்னா 40லேர்ந்து 44, சிட்டி சைக்கிள்னா 60 சொச்சம், மவுண்டன் பைக்னா 75லேர்ந்து 80 வரைக்கும் போகும். உங்க வாசக் கதவு தெறந்து நிக்கறப்ப நடுவுல கெடைக்கிற இடைவெளி எவ்வளவுன்னு டேப் வச்சு அளங்க, கதவோட அகலத்த அளக்காதீங்க, ரெண்டும் ஒண்ணு கெடையாது.

லிஃப்ட் சின்னதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு ஒரு வழி இருக்கு, சைக்கிள பின் சக்கரத்துல நிக்க வச்சிருங்க. பின் பிரேக்க அழுத்திப் பிடிச்சுக்கிட்டு முன் சக்கரத்தத் தூக்கினா அப்படியே உங்க ஒயரத்துக்கு நெட்டுக்குத்தா நிக்கும், ஒரு ஆள் பக்கத்துல நிக்கிற எடம் தான் பிடிக்கும். ஆனா அடுத்தவங்க உள்ள இருந்தா அவங்க போகட்டும்னு விட்டுட்டு அடுத்த லிஃப்ட்ல போங்க, மழை நாள்ல ஒருத்தர் கோட்டுல செயின் கிரீஸ் ஒட்டிச்சுன்னா அந்த பில்டிங்ல இருக்கிற வரைக்கும் அவர் உங்கள மன்னிக்க மாட்டார். லிஃப்ட் ரிப்பேர் ஆகற நாளும் வரும், அப்ப தோள்ல தூக்கறதா இருந்தா சைக்கிளுக்கு இடது பக்கம் நின்னு வலது தோள்ல மாட்டுங்க, செயின் வலது பக்கம் தான் இருக்கும், அது உங்க ஒடம்புல படாம வெளிப் பக்கம் போயிரும்.

சுவத்துக் கொக்கிக்கு வர்றேன். முன் சக்கரத்த மாட்டி செங்குத்தா தொங்க விடற கொக்கி போட்டோல பாக்க ரொம்ப எடம் மிச்சம் பிடிக்கிற மாதிரி இருக்கும், ஏன்னா அந்த போட்டோவ நேர் முன்னாடி நின்னு எடுத்திருப்பாங்க. பக்கவாட்டுல நின்னு பாத்தா சைக்கிள் சுவத்துலேர்ந்து ஒரு மீட்டருக்கு மேல வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். சுவத்தோட சேத்து ஒரு பக்கமா திருப்பி மடிக்கிற மாதிரி சுழல்ற கொக்கி இருக்கு, சின்ன ரூம்னா அது தான் உபயோகம். படுக்கை வாட்டுல, அதாவது நடு பார்ல தாங்கி மாட்டற வகைன்னா வெளிய நீட்டறது கம்மி, ஆனா சுவத்துல சைக்கிளோட முழு நீளமும் வேணும், கட்டிலுக்கு மேலயோ சோஃபாவுக்கு மேலயோ தான் அது அமையும், மண் ஒட்டின டயருக்குக் கீழ தலை வச்சுப் படுக்க உங்களுக்குச் சம்மதமான்னு யோசிச்சுக்கோங்க. பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் டைப்னா இந்த வகை நேரா ஒக்காராது, தனியா ஒரு அடாப்டர் கம்பி போட்டு மாட்டணும்.

சக்கரத்துல தொங்க விட்டா ரிம் வளைஞ்சிருமான்னு எல்லாரும் கேப்பாங்க. வளையாது, உங்க எடையையும் ரோட்டுக் குழியையும் தாங்கற சக்கரம் அது, தன்னோட பதினஞ்சு கிலோவத் தாங்காதா. ஹைட்ராலிக் பிரேக்னா மட்டும், அதாவது கம்பிக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல பிடிக்கிற வகைன்னா, ஆயில் லைன்ல காத்து இருந்துச்சுன்னா தொங்கவிட்டு எறக்கினப்பறம் லீவர் தொளதொளன்னு இருக்கும், கெளம்பறதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவ அமுக்கிப் பாத்துட்டுக் கெளம்புங்க, அப்பவும் எறுகலன்னா கடையில குடுத்து காத்த எடுத்திருங்க.

ஓட்டை போடற விஷயத்துல அவசரமே வேண்டாம், டெபாசிட் பணம் அதுல தான் மாட்டிக்கிட்டிருக்கு. ஓனர்கிட்ட வாயால கேக்காதீங்க, மெயில் போட்டு பதில எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க, காலி பண்ணும்போது பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடறேன்னு நீங்களே சொல்லிட்டா பல பேர் ஒத்துக்குவாங்க. அப்பறம் சுவரு எதுன்னு பாருங்க. விரலால தட்டினா டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம் வந்தா அது ஜிப்சம் பலகை, தடிப்பு ஒரு சென்டிமீட்டரும் சொச்சமும் தான், அதுல வெறும் ரால் பிளக், அதாவது ஓட்டைக்குள்ள சொருகி ஸ்க்ரூவ எறுக்கற பிளாஸ்டிக் குழாய், வச்சு சைக்கிள மாட்டினா பலகையோட சேந்து பிச்சுக்கிட்டு வரும். பலகைக்குப் பின்னாடி 40 செ.மீ.க்கோ 60 செ.மீ.க்கோ ஒண்ணா நிக்கிற சட்டத்துல ஸ்க்ரூ போய் பிடிக்கணும். சின்ன காந்தத்த சுவத்துல தடவிக்கிட்டே போனீங்கன்னா பலகைய அடிச்ச ஸ்க்ரூல போய் ஒட்டும், அங்க தான் சட்டம். ஸ்விட்சுக்கும் ப்ளக் பாயிண்ட்டுக்கும் நேர் மேலயோ கீழயோ டிரில் பண்ணவே கூடாது, ஒயர் பெரும்பாலும் அந்த வழியா தான் எறங்கும்.

இவ்ளோ தொல்லை வேணாம்னா ஓட்டையே போடாத ஸ்டாண்ட் ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு சுவத்துல சாஞ்சு தன் பாரத்துலயே நிக்கிறது, இன்னொண்ணு தரைக்கும் கூரைக்கும் நடுவுல ஸ்பிரிங்கோ ஸ்க்ரூவோ வச்சு எறுக்கிற கம்பம். கம்பத்துக்கு மேல கான்கிரீட் கூரை இருக்கணும், ஃபால்ஸ் சீலிங்னா அதத் தொடாதீங்க. என்னக் கேட்டா தனியா ஒரு சைக்கிள் வச்சிருக்கிற வாடகை வீட்டுக்காரருக்கு பின் சக்கரத்த நிறுத்தற சின்ன தரை ஸ்டாண்டே தாராளம், அத வாசக் கதவுக்குப் பக்கத்துலயே போட்ருங்க, தூக்கவே வேண்டாம், உருட்டிட்டு வந்து விட்டுட்டுப் போயிரலாம். கொக்கி பாக்க அழகு தான், ஆனா தெனம் ராத்திரி களைச்சு வந்து பதினஞ்சு கிலோவ தலைக்கு மேல தூக்கறதுக்கு ஒரு மனசு வேணும்.

வழில பெடல் இடிச்சுக்கிட்டே இருந்துச்சுன்னா மடங்கற பெடல் போட்டுக்கலாம், 15 மி.மீ. ஸ்பேனர் இருந்தா நீங்களே மாத்தலாம், சில பெடலுக்கு உள்பக்கத்துலேர்ந்து ஆலன் கீ, அதாவது ஆறு மூலை உள்ள வளைஞ்ச சாவி, போடணும். இடது பெடலோட மரை தலைகீழ், அது தெரியாம பலத்தப் போட்டு எறுக்கிட்டே இருப்பாங்க. ஸ்பேனர மேல் பக்கமா நிக்க வச்சு பின் சக்கரத்தப் பாத்து தள்ளினா ரெண்டு பெடலும் கழண்டு வரும், இத மட்டும் ஞாபகம் வச்சா போதும். குளிர் காலம் பூரா ஓட்டப் போறதில்லன்னா ஹேண்டில்பாரையே ஃப்ரேமுக்கு நேரா திருப்பி வச்சிரலாம், ஹேண்டில்பாரப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்ங்கிற துண்டோட பக்கவாட்டுல ரெண்டு போல்ட் இருந்தா அத லூஸ் பண்ணினா திரும்பும், மேல் மூடி போல்ட்டத் தொடாதீங்க. மறுபடி எறுக்கும்போது முன் சக்கரத்துக்கு நேரா இருக்கான்னு பாத்துட்டு நல்லா எறுக்கிட்டு ஓட்டுங்க. தெனமும் செய்யிற வேலை இல்ல இது.

எடத்த விட பெரிய பிரச்சனை ஈரம். பனி பெய்யற ஊர்னா ரோட்டுல உப்புத் தூவுவாங்க, அந்த உப்புத் தண்ணி செயின்லயும் கியர்லயும் ஒட்டிக்கிட்டு கதகதன்னு இருக்கிற ரூமுக்குள்ள வந்ததும் துரு வேகமா ஏறும், வெளியக் குளிர்ல நின்னா கூட இவ்ளோ வேகம் இருக்காது. உள்ள வந்த உடனே ஒரு பழைய டவலால செயின், பிரேக், ரிம் எல்லாத்தையும் தொடச்சிருங்க, வாரத்துக்கு ஒரு தடவ சாதாரணத் தண்ணியால கழுவி காய வச்சு செயினுக்கு ஆயில் விட்டு மேல வழியறத தொடச்சு எடுத்திருங்க, மேல வழியற ஆயில் தான் கார்ப்பெட்ல கறை பண்றது. கீழ ஓரம் ஒயந்த பிளாஸ்டிக் ட்ரே போடுங்க, வெறும் மேட்னா தண்ணி அத ஊறிட்டு மரத்தரைக்குள்ள எறங்கிரும், அப்பறம் டெபாசிட்டுக்கு பை சொல்லிர வேண்டியது தான். ஈர சைக்கிள வச்சுக்கிட்டு ஜன்னல் கதவ சாத்தியே வைக்காதீங்க, கண்ணாடில வேர்த்து ஓரத்துல பூஞ்சணம் பிடிக்கும். சில பேர் பாத்ரூம்ல ஷவருக்குக் கீழ நிறுத்தி கழுவுவாங்க, வசதி தான், கூட தங்கியிருக்கிறவங்க எழுந்திரிக்கறதுக்குள்ள அந்த கருப்புக் கிரீஸத் தேச்சு எடுத்துட்டா சண்டை வராது.

மடக்கு சைக்கிள். பிராம்ப்டன் மாதிரி நல்லா சுருங்கறது மடக்கினா நீளமும் ஒயரமும் 60 செ.மீ. கிட்ட, தடிப்பு 27 செ.மீ. கிட்ட வரும், மேஜைக்குக் கீழ போயிரும், வீட்டுப் பிரச்சனையும் ஆபீஸ்ல எங்க பூட்டறதுங்கிற பிரச்சனையும் ஒரே அடில தீரும். ஆனா சக்கரம் சின்னது, குழி குண்டு எல்லாம் முதுகுல தெரியும், நல்ல மடக்கு சைக்கிள் வெலையும் அதிகம், வெல கம்மியா இருக்கிறது பல சமயம் மடக்கியும் பெருசா தான் இருக்கும், கனமும் இருக்கும். ட்ரெயின்ல ஏத்தி எறக்கற பயணம் உங்களுக்கு இருந்தா மாறுங்க. வெறும் வீட்டு எடத்துக்காகன்னா கையில இருக்கிற நல்ல சைக்கிள விக்காதீங்க.

பின்னாடி இ-பைக் வாங்கற ஐடியா இருந்தா இப்பவே சொல்லிடறேன். அது 20லேர்ந்து 25 கிலோ, தூக்கற கதையே கெடையாது. பேட்டரிய வாசக் கதவுப் பக்கம், அதாவது நீங்க தப்பிச்சு ஓட வேண்டிய வழில வச்சு சார்ஜ் போடாதீங்க, தூங்கும்போதும் வேண்டாம், அதே கம்பெனி சார்ஜர் மட்டும் தான், கீழ விழுந்து அடிபட்டதோ வீங்கினதோ இருந்தா வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா நிமிஷத்துல ரூம் பூரா பரவும், ஒத்த ரூம்ல அதுக்கு எதிர்ப்பக்கம்னு ஒண்ணு கெடையாது. குளிர்ல உறைஞ்சு வந்த பேட்டரிய உடனே சொருகாதீங்க, சூடு பூஜ்யத்துக்குக் கீழ இருக்கும்போது சார்ஜ் பண்ணினா உள்ள கெட்டுப் போகும், ரூம் சூட்டுக்கு வரட்டும். நாள் கணக்கா சும்மா வைக்கிறதுன்னா பாதி சார்ஜ்ல வைங்க.

பால்கனி, பேஸ்மெண்ட் ரெண்டும் கடைசி சாய்ஸ். பால்கனில மழையும் வெயிலும் படும், கவர் போட்டு இறுக்கிக் கட்டினா உள்ள ஈரம் அடைஞ்சு இன்னும் மோசம், கீழ் மாடின்னா கண்ணுல படற மாதிரி இருக்கும். பேஸ்மெண்ட் ரூம் சாவி பில்டிங்ல எல்லார்கிட்டயும் இருக்கும், பூட்டு உள்ள ரூம்தானேன்னு சும்மா நிறுத்தாதீங்க, அசையாத கம்பில சேத்து பூட்டுங்க. பெடலுக்கு நடு அச்சு இருக்கிற எடத்துக்கு அடிப் பக்கம் ஃப்ரேம் நம்பர் பொறிச்சிருக்கும், பெரும்பாலும் அங்க தான், அத போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, வாங்கின ரசீதையும். வீட்டுப் பொருளுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தா சைக்கிள் அதுல வருதா, வீட்டுக்குள்ள மட்டுமா, பூட்டியிருந்தா மட்டுமான்னு படிச்சுப் பாருங்க.

வாசக் கதவு இடைவெளி, உள்ள நுழையற எடத்தோட அகலம், கூரை கான்கிரீட்டா பலகையா, சைக்கிளுக்கு நடு பார் இருக்கா இல்லையா, இந்த நாலையும் எழுதுங்க தம்பி, பாத்துட்டு எந்த ஸ்டாண்ட் ஒக்காரும்னு சொல்றேன். அது வரைக்கும் கதவுக்குப் பின்னாடி ஒரு ட்ரே போட்டு சைக்கிளோட இடது பக்கம் சுவத்தத் தொடற மாதிரி சாச்சு வைங்க, செயின் இருக்கிற பக்கம் சுவத்துல பட்டா பெயிண்ட் செலவு உங்க தலைல.