மகன் எதிர்க்கட்சிப் பக்கம் போகிறான் என்ற கவலைக்கு

அக்கா, வக்கீல் வேலையை விட்டு எதிர்க்கட்சி எம்பியின் சேவை மையத்தில் மகன் சேரப்போவதாகவும், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் உங்கள் சுங்கை சிப்புட்டில் அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஊரிலேயே பாருங்கள். 1974 முதல் தொகுதியை வைத்திருந்த ஆளும் கூட்டணியின் சாமிவேலுவிடம், எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் 1999, 2004 இரண்டு முறையும் தோற்றார். 2008இல்தான், 1,821 ஓட்டில் ஜெயித்தார். 2011இல் அவசரகாலச் சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். 2013இல் மறுபடி வென்று 2018இல் தோற்றார். இந்தப் பாதையில் நிலையான வருமானம் எதிர்பார்க்கவே கூடாது.

எம்பி ஆனால் சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுதான். தொகுதி மக்களுக்குச் செலவிட அரசு ஒதுக்கும் பணத்தில்தான் இடிக்கும். ஜெயகுமாருக்கு அது கிடைக்கவில்லை, கோர்ட்டுக்கே போனார். கொடுக்கக் காசு இல்லாத சேவை மையத்தில் சட்டம் தெரிந்தவன்தான் பெரிய பலம். தோட்டத் தொழிலாளர் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் பாட்டிக்கு, கெடு எப்போது, என்ன பதில் எழுதுவது என்று யாராவது படித்துச் சொல்ல வேண்டுமே! அதனால் உங்கள் மகனின் ஆசை எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது.

ஆனால் வக்கீல் தொழிலை விட வேண்டாம். முதலில் சாயங்காலங்களில் மட்டும் மையத்தில் உட்காரட்டும். அப்புறம் அடுத்த தேர்தல் முடிந்ததும் முழுநேரம் பற்றிப் பேசுங்கள்.