பதில்: அப்பாவோட பழைய பிரவுனிங் 1910, இன்னும் மாத்தலாமா?

சார், கோத்தகிரியில இருக்கீங்க, அப்பா விட்டுட்டுப் போன .32 பிரவுனிங் கைத்துப்பாக்கி, கைப்பிடி ஏற்கனவே மாத்தியாச்சு, இப்ப குறி பாக்குறதுக்குப் பெரிய சைட்டு வைக்கணும், ட்ரிக்கரையும் லேசாக்கணும்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேணாங்க.

அந்த மாடல்ல சைட்டுன்னு தனியா ஒண்ணும் கிடையாது, ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால போய் வர்ற மேல்பாகம், அது மேல ஒரு பள்ளம், அதுக்குள்ள சின்னதா இருக்கும், பெருசு வைக்கணும்னா ஸ்லைடையே வெட்டணும், வெட்டினா திரும்ப ஒட்ட முடியுமா சொல்லுங்க. ட்ரிக்கர் இன்னும் மோசம். இதுல சுத்தியலே கிடையாது, தோட்டாவைத் தட்டுற ஊசி (ஸ்ட்ரைக்கர்) உள்ள இழுபட்டு நிக்கும், அதைப் பிடிச்சிருக்கிற கொக்கிய அரம் போட்டு ராவினா கீழ விழுந்தாலே வெடிக்கலாம்.

காசு செலவு பண்ணியே ஆகணும்னா ஸ்பிரிங்க மாத்துங்க, வயசான துப்பாக்கிக்கு அதான் மருந்து. லைசென்ஸ் உள்ள கடையிலதான், ரிப்பேருக்கே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும், தெரிஞ்ச லேத்துக்காரர்கிட்ட கொண்டு போயிடாதீங்க.

அப்புறம் அதைத் தோல் உறையிலயே வச்சுப் பூட்டிடாதீங்க, நம்மூரு மூடுபனிக்குத் தோலு ஈரத்தை இழுத்துக்கும், என்னோடது ஒரே மழைக்காலத்துல ஒரு பக்கம் பூரா துரு. எண்ணெய்த் துணியால துடைச்சு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட பெட்டியில வைங்க. நான் செஞ்ச ஒரே கஸ்டமைஸ் அதான்.