இம்பிளான்ட் பல்லுக்குப் பீங்கான் தாங்குமா?

கேள்வி: என் தாயாரின் கீழ்க் கடைவாயில் இம்பிளான்ட் பொருத்தியிருக்கிறார்கள். அதன்மேல் சிர்கோனியா கேப் போடலாம் என்கிறார் மருத்துவர். பீங்கான் உடைந்துவிடாதா?
- வாசகி ஒருவர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்த்திசு, கடிக்கும் விசையை ஓரளவு தாங்கிக்கொள்வதுடன், காசிமேட்டு மீனின் முள்ளோ சோற்றில் கிடக்கும் கல்லோ சிக்கியவுடன் நமக்கு உணர்த்தியும் விடுகிறது; இம்பிளான்ட் எனப்படும், எலும்போடு நேராக இணைந்த டைட்டானியம் திருகுக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் சிர்கோனியா மற்றப் பீங்கான்களைப் போன்றதன்று. அதில் நுண்விரிசல் தோன்றினால், விரிசல் முனையிலுள்ள படிகங்கள் வடிவம் மாறி, ஏறக்குறைய 4 விழுக்காடு பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன; 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விளக்கிய இப்பண்பே அதன் வலிமைக்குக் காரணம். முன்பெல்லாம் பெயர்ந்து விழுந்தது பெரும்பாலும் அழகுக்காக மேலே ஏற்றிய பீங்கான் பூச்சுதான். அதனால்தான் கேப் முழுவதையும் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் முறை பரவியது.

சிர்கோனியாவில் இட்ரியம் ஆக்சைடை (இட்ரியா) கூட்டி, இயற்கைப் பல்லைப்போல ஒளி ஊடுருவச் செய்யும் ஆய்வுகள் இப்போது மிகுதி. எனினும் ஒளி ஊடுருவல் கூடக்கூட வலிமை குறைகிறது. கடைவாய்க்கு 3 மோல் விழுக்காடு (மூலக்கூறு எண்ணிக்கைக் கணக்கில்) இட்ரியா மட்டும் கொண்ட வகையே என் தேர்வு. மேற்பரப்பை நன்கு மெருகேற்றித் தரச் சொல்லுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும்.