'இஸ்'ஸா, 'வாஸ்'ஸா?

கேள்வி: 'ஷீ செட் ஷீ வாஸ் டயர்டு' என்று எழுதினேன். 'இஸ்' என்றுதான் வர வேண்டும் என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள்தான். தம்பியைத் திட்டாதீர்கள், அவர் தமிழில் யோசிக்கிறார். நம்முடைய 'என்று' பேசியதை அப்படியே பிடித்துவைக்கும். "களைப்பா இருக்குன்னு சொன்னா" என்போம். பத்து வருடம் கழித்துச் சொன்னாலும் அந்த 'இருக்கு' மாறாது. ஆங்கிலத்தில் 'செட்' இறந்தகாலத்துக்குப் போனால், பின்னால் வரும் வினையும் பெரும்பாலும் கூடவே போகும். 'வில்' 'வுட்' ஆகும், 'கேன்' 'குட்' ஆகும்.

சொன்ன விஷயம் இன்னமும் உண்மையென்றால் நிகழ்காலத்தை விட்டுவைக்கலாம். 'ஹீ செட் த எர்த் இஸ் ரவுண்ட்.' இங்கே 'வாஸ்' போட்டாலும் பிழையில்லை, பூமி தட்டையாகிவிடாது. எனக்கென்னவோ 'இஸ்'தான் பிடிக்கும்.

காலம் மட்டுமல்ல, ஆளும் மாறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சக ஊழியர் "நான் லீவுல இருக்கேன்"னு சொன்னதை, 'ஹீ டோல்ட் மீ தட் ஐ ஆம் ஆன் லீவ்' என்று மேலாளருக்கு எழுதினேன். "அப்புறம் ஏன் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.