14 ஆண்டுகள் நின்ற அம்பாசிடர்: எஞ்சினை மீண்டும் ஓடவைப்பது எப்படி?

கேள்வி: ஒரத்தநாட்டை அடுத்த கிராமத்தில் வசிக்கிறேன். என் தந்தையின் 1972-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 பெட்ரோல் கார், அவர் மறைந்த பிறகு 14 ஆண்டுகளாகக் களத்துக் கொட்டகையில் நிற்கிறது. 2018-இல் கஜா புயல் ஓடுகளைப் பிய்த்துச் சென்றதில், கூரையைச் சரிசெய்யும் வரை பானெட்டின் மேல் மழை விழுந்தது. புது பேட்டரி மாட்டி, கார்பரேட்டரில் சிறிது பெட்ரோல் ஊற்றி, டிராக்டரில் கட்டி இழுத்தால் ஓடிவிடும் என்கிறார் தெரிந்த மெக்கானிக் ஒருவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து இழுக்க வேண்டாம். 14 ஆண்டுகள் நின்றதால் உங்கள் எஞ்சினுக்கு நேர்ந்த கேட்டில் பெரும்பகுதியைப் பொறுமையாகச் சரிசெய்துவிடலாம். ஆனால் இறுகிக் கிடக்கும் எஞ்சினை டிராக்டரின் பலத்தால் சுழற்றும் அந்த அரை நிமிடத்தில் உடையும் பிஸ்டன் ரிங்கையும் கீறப்படும் சிலிண்டரையும் எஞ்சினை முழுவதுமாகப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது. நின்றுபோன எஞ்சின்கள் பெரும்பாலும் நின்ற காலத்தில் கெடுவதில்லை, எழுப்பும் நாளில்தான் கெடுகின்றன. நான் தொழில் பழகிய பட்டறைக்கு வந்த இப்படிப்பட்ட கார்களில், யாரும் கை வைக்காமல் வந்தவை எளிதில் ஓடின. ‘ஒருமுறை இழுத்துப் பார்த்தோம்’ என்று சொல்லிக் கொண்டுவந்தவைதான் லேத்துக்குப் போயின.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது 1489 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் பிளாக்கும் ரிங்குகளும் வார்ப்பிரும்பு, பிஸ்டன்கள் அலுமினியம். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று ஆண்டுதோறும் உள்ளே புகுந்து, இரவில் குளிர்ந்து, சுவரில் நீராகப் படிந்திருக்கும். அதனால் ரிங் சுவரைத் தொடும் இடத்தில் துரு ஏறி இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இதைத்தான் ‘எஞ்சின் ஜாம்’ என்கிறார்கள். மூடியிருந்த சிலிண்டர்கள் ஓரளவு தப்பியிருக்கலாம்.

பேட்டரியைத் தொடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து, கையில் விளக்கோடு அரை மணி நேரம் நிதானமாகப் பாருங்கள். நம் பகுதியில் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலிகள் களத்துக்கும் வைக்கோல் போருக்கும் குடிபெயர்வது உங்களுக்கே தெரியும். ஏர் ஃபில்டர் கூடு அவற்றுக்கு வசதியான வளை. ஃபில்டரைக் கழற்றி உள்ளேயும், புகை வெளியேறும் இரும்புக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலும் இடுக்கிலும் வைக்கோலோ பஞ்சோ கிடக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். எஞ்சின் சூடாகும்போது முதலில் தீப்பற்றுவது அந்தக் கூடுதான். சைலன்சர் குழாயின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கலாம். வயரின் மேலுறையை எலி கடித்திருந்தால், அந்த வயரை மாற்றிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இனி எஞ்சினை விடுவிப்பதற்கு வருவோம். இந்த வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை. பிளக்குகளைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து நீக்கிவிட்டு நான்கையும் கழற்றுங்கள். எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வையுங்கள், ஏனெனில் துருப்பிடித்த பிளக் தண்ணீர் புகுந்த சிலிண்டரைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் ஆயிலையும் டீசலையும் சம அளவில் கலந்து, மெல்லிய குழாய் வைத்த எண்ணெய்க் கேனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மேசைக்கரண்டி அளவு விட்டு, துளைகளைத் துணியால் மூடி, மூன்று நாள் விட்டுவிடுங்கள். தினமும் சிறிது சேர்க்கலாம். நான்காம் நாள், பிளக்குகள் வெளியே இருக்கும் நிலையிலேயே, காரை டாப் கியரில் போட்டு இரண்டு பேர் முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டிப் பாருங்கள். தொட்டிலை ஆட்டும் அளவு பலம் போதும். ஃபேன் ஒரு விரல்கடை அசைந்தாலும் பாதி வேலை முடிந்தது. எந்தத் திசையில் அசைந்ததோ அதற்கு எதிர்த்திசையிலும் அசைத்து, சிறிது சிறிதாக வீச்சைக் கூட்டி ஒரு முழுச் சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். முன்புறம் கைப்பிடி போட்டுச் சுற்றுவதானால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக மட்டும் இழுக்க வேண்டும். எதிர்உதை வந்தால் கட்டைவிரல் முறியாமல் காக்கும் வழி அது. பத்து நாள் ஆகியும் அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிடுங்கள். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் ஆகும் செலவு, சிலிண்டரைக் கடைந்து எடுக்கும் மறுபோரிங் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

முழுச் சுற்று கிடைத்ததும், எஞ்சினின் மேல் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைத் திறந்து, ஒருவர் எஞ்சினைக் கையால் சுற்ற மற்றவர் எட்டு வால்வுகளும் இறங்கி ஏறுகின்றனவா என்று பாருங்கள். இறங்கிய வால்வு மேலே வராவிட்டால் அதன் தண்டில் டீசல் கலந்த ஆயிலை விட்டு, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி உயிர்ப்பிக்கலாம். இதைப் பார்க்காமல் செல்ஃப் அடித்தால், வால்வை இயக்கும் தண்டான புஷ்ராடு வளையும்.

பிறகு சேம்பரின் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அடித் திருகைத் திறவுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால், உள்ளே இருந்தால் அதுதான் முதலில் வடியும். அரைக் குவளை அளவுக்கு வந்தால் அது ஈரக்காற்றில் படிந்த நீராகவோ புயல் மழையாகவோ இருக்கலாம். தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். புது ஃபில்டரும் 20டபிள்யூ-50 மினரல் ஆயிலும் போடுங்கள். பேட்டரி மாட்டும்போது ஒரு எச்சரிக்கை: பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைத்திருப்பார்கள், உங்கள் காரில் எப்படி இருக்கிறது என்று பழைய கேபிளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிளக் இல்லாமலேயே செல்ஃப்பைப் பத்துப் பத்து விநாடிகளாக, இடையில் ஓய்வு கொடுத்து, ஆயில் அழுத்தம் காட்டும் வரை சுற்றுங்கள். பேரிங்குகள் வறண்டிருக்கும்போதே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க இதுவே எளிய வழி.

தீப்பொறி வராததற்குப் பெரும்பாலும் காரணம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) சேர்ந்து பிரியும் பாயிண்ட்டுகளின் மேல் படிந்த ஆக்சைடுப் படலம்தான். மெல்லிய அரத்தால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை 0.015 அங்குலமாக வையுங்கள், பிளக்குக்கு 0.025 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2. கண்டென்சர் விலை குறைந்த பொருள். சோதித்துக்கொண்டிராமல் புதிதாகவே போட்டுவிடலாம்.

தண்ணீர்ப் பகுதியில் ரேடியேட்டரின் அடியிலும் பிளாக்கின் பக்கத்திலும் உள்ள வடிகால்களைத் திறந்து, துரு நிறம் போகும் வரை கழுவி, ஹோஸ்களை மாற்றுங்கள். டெல்டாவில் பல இடங்களில், கடற்கரை நெருங்க நெருங்க, போர் தண்ணீரில் உப்பு அதிகம். எனவே காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்தே நிரப்புங்கள்.

பெட்ரோலைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் இப்போது வார்னிஷ் வாடை வீசும் பிசினாக மாறியிருக்கும். அதில் ஒரு துளிகூட எஞ்சினுக்குப் போகக் கூடாது. டேங்கை இறக்கி வடித்துக் கழுவும் வரை, ஒரு லிட்டர் தகரக் கேனிலிருந்து தனிக் குழாய் வழியாகப் பம்புக்குக் கொடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால், காலி டேங்க்தானே என்று எண்ணி எந்தப் பட்டறையிலும் நேரடியாக வெல்டிங் வைக்க விடாதீர்கள். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும், அதனால் உயிர் போகும். பம்பின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் காய்ந்து கிழிந்திருந்தால் பெட்ரோல் சேம்பருக்குள் இறங்கி ஆயிலை நீர்த்துவிடும். எனவே புது டயஃப்ரம் போடுவதோடு, ஓடிய பிறகு ஆயில் கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள். கார்பரேட்டர் எஸ்.யு. வகையானால் அதன் பிஸ்டன் தடையின்றி ஏறி, ‘டக்’ என்ற ஒலியோடு இறங்க வேண்டும். சோலெக்ஸ் வகை மாட்டியிருந்தால், பெட்ரோல் வரும் நுண்துளை கொண்ட ஜெட்டுகளைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தாமல், காற்றால் மட்டும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இந்த எஞ்சினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. கார்பரேட்டரில் கசியும் பெட்ரோல் நேராகச் சூடான இரும்பின் மேல்தான் விழும். ஆகவே பம்பு ஓடியதும் எல்லா இணைப்புகளையும் உலர்ந்த விரலால் தொட்டுப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

உங்கள் தந்தை இந்தக் காரை ஓட்டிய காலத்துக்கும் இன்றைக்கும் பெட்ரோலே மாறிவிட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் நீக்கிய பெட்ரோல்தான். இப்போது அதில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து நொறுக்கும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களையே வாங்குங்கள்; அடைமழைக் காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்பரேட்டரையும் டேங்கையும் வடித்துவிடுங்கள். ஈயம் இல்லாததால் வால்வு சீட் (வால்வு வந்து அமரும் இடம்) தேயும் என்ற கவலை நியாயமானதே, ஆனால் கிராமத்துச் சாலையில் நிதானமாக ஓடும் காருக்கு அது உடனடி ஆபத்து அல்ல. டாப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே விடும் இடைவெளி) மீண்டும் மீண்டும் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று பொருள். அப்போது கடினச் சீட் வளையம் போட்டுக்கொள்ளலாம்.

முதல் ஸ்டார்ட்டைக் கொட்டகைக்கு வெளியே, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியர் நியூட்ரலில் இருக்க, தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பற்றியதும் பத்து விநாடிக்குள் ஆயில் அழுத்தம் வராவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரியும் வரை நீலப் புகை வரும். அதற்கு அஞ்ச வேண்டாம். வெள்ளை ஆவி நிற்காமல் வந்து ரேடியேட்டரில் நீரும் குறைந்தால்தான் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமவிடாமல், மிதமான வேகத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் சூடாக இருக்கும்போதே அதை வடித்து மீண்டும் புதிது போடுங்கள். அந்த இரண்டாவது ஆயிலைச் சிக்கனம் பார்க்காதீர்கள். முதல் ஆயில் துருவையும் கசடையும் கழுவிக்கொண்டு வந்திருக்கும்.

எஞ்சின் ஓடிய மகிழ்ச்சியில் காரைச் சாலைக்கு எடுத்துவிடாதீர்கள். வீல் சிலிண்டர்கள், பிரேக் ஹோஸ்கள், டயர்கள் மூன்றும் புதிதாகும் வரையும், ஆர்.சி. புதுப்பித்து முடியும் வரையும் அது களத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

சில மணி நேரம் ஓடிய பிறகு, எஞ்சின் சூட்டில், நான்கு பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்துவைத்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளழுத்தம்) மீட்டர் வைத்துப் பாருங்கள். நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் இந்த எஞ்சினைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள்: எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ரிங் என்றால் 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒட்டியிருந்த ரிங் அதற்குள் தானாக விடுபடுவதுண்டு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கி, கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ நல்ல லேத் பட்டறையில் சீட் கடைந்து வாங்கிவிடலாம்.