தாத்தாவின் தொப்பி வில்லையில் யானை எதற்கு?

கேள்வி: மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்த என் தாத்தாவின் தகரப் பெட்டியில் பித்தளைத் தொப்பி வில்லை ஒன்று கிடைத்தது. கேடயத்தின் மேல் யானை, குறுக்காக இரண்டு வாள்கள். யானை என்றால் பலம் என்று பொருளா? எந்தக் காலத்தது? தேய்த்து விளக்கி, சட்டம் போட்டு மாட்டலாமா?

பதில்: கேடயமும் வாளும் பல படைகளுக்குப் பொதுவானவை. யானைதான் விஷயம். அது பலத்தைக் குறிக்க வரைந்ததல்ல, ஒரே ஒரு நாளின் நினைவு. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அசாயே கிராமத்தருகே, பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியின் படை சிந்தியா, போன்ஸ்லே இருவரின் மராட்டியப் பெரும்படையைத் தோற்கடித்தது. வெல்லெஸ்லியிடம் இருந்தவர்களில் பெரும்பாலோர் மதராஸ் சிப்பாய்கள். அங்கே போரிட்ட பிரிவுகளுக்குக் கிடைத்த மரியாதைச் சின்னம்தான் இந்த ‘அசாயே யானை’. உடன் நின்ற ஸ்காட்லாந்துக்காரர்களின் 74ஆம் படைப்பிரிவும் இதையே அணிந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மராட்டியரை வென்ற அடையாளத்தைச் சுதந்திர இந்தியா ஏன் வைத்துக்கொண்டது என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த யானையைச் சிப்பாய்கள் ரத்தம் சிந்திச் சம்பாதித்தார்கள். கம்பெனி போனதும் அதுவும் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேடிக்கை என்னவென்றால், ரெஜிமென்ட்டின் தலைமை மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டனுக்கும் பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆன அதே வெல்லெஸ்லியின் பெயர்தான். குறிக்கோள் வாசகம் மட்டும் கீதையிலிருந்து வந்தது: ‘ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேய:’, தன் கடமையில் சாவதே மேல்.

காலத்தை யானையை வைத்துச் சொல்ல முடியாது. பெட்டியில் பொத்தானோ தோள் வில்லையோ இருக்கிறதா பாருங்கள். பிரிட்டிஷ் கிரீடம் இருந்தால் 1950 ஜனவரி 26க்கு முந்தைய வடிவம். அசோகச் சிங்கம் என்றால் பிந்தையது. இரண்டும் கிடைத்தால் தாத்தா இரண்டு காலத்திலும் இருந்திருக்கலாம்.

சரி, விளக்குவது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! யானையின் நுண்ணிய கோடுகள் மழுங்கிவிடும். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சட்டத்தில் மாட்டத் தடையில்லை. ராணுவத்தான் என்று பிறரை நம்பவைக்க அணிந்தால்தான் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்புறம், டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் புத்தகம்) இருந்தால் அதிலுள்ள தாத்தாவின் படை எண்ணைக் குறிப்பிட்டு வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தாத்தா எந்த பட்டாலியன் என்று வில்லை சொல்லாது. அந்த எண் சொல்லும்.