தோலுக்கு ஒரு டாக்டர், தலைக்கு ஒரு டாக்டர்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு வருடமாக எனக்குச் சொரியாசிஸ், செதில் செதிலாக உரியும் தோல் படை. மூன்று வருடமாக ஒற்றைத் தலைவலியும். போன வருடம் தலைவலி வராமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தலைவலி குறைந்தது, ஆனால் படை அடங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தோல் டாக்டரிடம் கேட்டேன். "அது வேறு, இது வேறு" என்றுவிட்டார். உங்களுக்கும் இரண்டும் உண்டென்று முன்பு எழுதியிருந்தீர்கள். இது என் பிரமையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிரமை இல்லை. நான் மருத்துவன் அல்ல, இரண்டையும் சுமக்கிறவன். அந்த அளவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொரியாசிஸ் உள்ளவர்களிடம் ஒற்றைத் தலைவலி சற்று அதிகம் என்று டென்மார்க்கில் நாடு தழுவிய மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. முகம் சிவந்து எரியும் ரோசேசியாவிலும் அப்படியே. அங்கே காரணம் ஓரளவு புரிகிறது. கன்னத்துத் தோலுக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்புதான் ஒற்றைத் தலைவலியையும் சுமக்கிறது. அதன் முனைகள் வெளிவிடும் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள் ரத்தக்குழாய்களை விரியச் செய்யும். தோல் வறண்டு அரிக்கும் எக்சிமாவுக்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டிருந்தால் காலையில் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தத் தினசரி மாத்திரை. ஒற்றைத் தலைவலியைத் தடுக்கக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகள்) சிலருக்குச் சொரியாசிஸைக் கிளறிவிடும். எனக்குக் கிளறியது. வருடக்கணக்காக அடங்கியிருந்த முழங்கைப் படை சில மாதங்களில் திரும்பியது. தலைவலி டாக்டர் தோலைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலைவலிக்குப் போனவன் முழங்கையைக் காட்டுவானா!

எதிர்த்திசையிலும் இது நடக்கும். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின், டாக்ஸிசைக்ளின் இரண்டுமே அபூர்வமாக மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றும். அதனால்தான் அவற்றைச் சேர்த்துத் தருவதில்லை. புதிய தலைவலியோடு பார்வையும் மங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

அப்புறம், சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், அதுவே தலைவலியைக் கொண்டுவரலாம்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ப்ரோப்ரனலால் என்றிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது திடீரென்று விடக்கூடாத மருந்து. அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதே தோல் டாக்டரிடம் இன்னொரு முறை போங்கள்.